மேல் பல்லை எடுத்தால் கண் போகாது, மகனே

என் கண்ணு,

நாங்கள் இங்கே சுகம். நீ அங்கே சுகம் என்று எழுதியிருப்பதை நான் நம்பவில்லை. குமாரபாளையத்தில் மழை பெய்ததையும், நூலுக்குத் தட்டுப்பாடு வந்து தறிகள் சும்மா நிற்பதையும், உன் கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் புறப்பட்டு வருவாய் என்பதையும் இரண்டு பக்கத்துக்கு விஸ்தாரமாக எழுதிவிட்டு, கடைசியில் இடமில்லாத மூலையில் "பல்லுதான் கொஞ்சம் வலி, கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்று ஒரே ஒரு வரியை நுணுக்கி வைத்திருக்கிறாய். அங்கிருந்து நேற்று வந்த நம் தெருக்காரரைப் பிடித்து விசாரித்தேன். "கொஞ்சம் வலியாங்க? மூஞ்சி ஒரு பக்கம் பன்னாட்டம் வீங்கி, வலது கண்ணு பாதி மூடிக் கெடக்குதுங்க. கஞ்சியக்கூட இடது பக்கமாத்தான் குடிக்கறான்" என்றார். மேல்வரிசையில் வலது கடைவாய்ப் பல் என்பதும், டாக்டர் பார்த்துவிட்டு எடுத்தே ஆகவேண்டும் என்று சொன்னதும், நீ அன்றிலிருந்து அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் நடப்பதும் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ ஏன் போகவில்லை என்பதும் தெரியும். வலிக்கு மட்டும் பயப்படுகிற பிள்ளை இல்லை நீ. மேல் பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு, பல்லைப் பிடுங்கினால் கண் அவிந்துவிடும் என்று அம்மாபேட்டையில் சொல்லாத வாய் கிடையாது. குமாரபாளையத்து வாய்கள் மட்டும் வேறு மாதிரியா இருக்கப் போகின்றன? தறிக்காரனுக்குக் கண் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? அது ஒன்று. இன்னொன்று, உனக்குப் பத்து வயதில் நீ கண்ணால் பார்த்தது. நான் பல் எடுத்துக்கொண்டு வந்த மூன்றாம் நாள், தரையில் உருண்டு கதறியதைப் பார்த்து நீ கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். அது உன் மனசை விட்டுப் போகவில்லை. அந்த வலிக்கு என்ன காரணம் என்பதைப் பதினாலு வருஷமாக நான் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லப் போகிறேன். வரிசையாகச் சொல்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. உன் பட்டறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மற்றவர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. எனக்கு வெட்கம் இல்லை.

அப்போது நம் தெருவில் பாவு பிணைப்பது என் வேலை. தறியில் நெடுக்கே ஓடுகிற ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் வால் நுனிகளை அச்சிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழை ஒவ்வொன்றோடும், விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று இடம் மாறினால் சேலை முழுக்க ஒரு கோடு ஓடி, பிணைத்தவள் மானத்தை வாங்கிவிடும். என் பிணைப்பில் கோடு ஓடியது கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வார்கள்? அக்கம் பக்கத்துத் தறிகள் எல்லாம் என் கண்ணை நம்பித்தான் ஓடின. அந்தக் கண்ணுக்கு நேர் கீழே இருந்த பல்தான் சொத்தையாகி வலிக்க ஆரம்பித்தது. ஆகவே உன் பயம் எனக்குப் புதிது இல்லை. வலியைக் கிராம்பும் பெருங்காயமும் வைத்து அடக்கிக்கொண்டு, அதே பயத்தை இரண்டு வருஷம் வளர்த்தவள் நான்.

அப்புறம் உன் அப்பா வைத்தியத்தில் இறங்கினார். அவருக்கு அதில் தெருவெல்லாம் பேர். பிள்ளைகளின் ஆடுகிற பல்லில் முறுக்கின பட்டு நூலால் சுருக்குப் போட்டு, மறுநுனியைத் தறியின் மிதிபலகையில் கட்டி, ஒரே மிதி மிதிப்பார், பல் வந்துவிடும். அவையெல்லாம் தானாகவே விழ இருந்த பால் பற்கள். இவர் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்காரன் குறடு போட்டு ஆட்டுனாத்தான் நரம்பு அந்து கண்ணு போகும். நூலுல எடுத்தா நரம்புக்கே தெரியாது புள்ள" என்றார். நானும் என் புத்தி எங்கே போனதோ, தறிக்குழி ஓரத்தில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். பொடுக்கென்று ஒரு சத்தம். பாதிப் பல் நூலோடு போயிற்று, வேர் மூன்றும் உள்ளேயே நின்றுவிட்டது. அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "வந்துருச்சு பாருங்க!" என்று தெருவில் வீடு வீடாகக் காட்டினார் மனுஷன். பத்து நாள் கழித்து என் கன்னம் வீங்கி, வீக்கம் மேலே ஏறி, கண் மூடிக்கொண்டது.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். "பாத்தீங்களா, நூலுல இழுத்ததுக்கே கண்ணு மூடிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா அடியோட போயிரும்" என்று ஆளுக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். திறந்திருந்த ஒரு கண்ணால் அவர்களைப் பார்த்தபடி நான் யோசித்தேன். பல் போனால் கண் போகும் என்கிறார்கள். இங்கே பல் இருக்கும்போதே கண் போய்க்கொண்டிருக்கிறதே! இந்தக் கணக்கு எனக்கு ஒத்து வரவில்லை. "ஏனுங்க, வண்டி கூப்பிடுங்க" என்றேன். அவர் அசையவில்லை. நானே முக்காட்டை இழுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்து குதிரைவண்டி பிடித்தேன். வண்டி கிளம்பும்போது பின்னாலிருந்து ஓடி வந்து ஏறிக்கொண்டார்.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் அன்றைக்குப் பல்லைத் தொடவில்லை. ஈறைக் கீறிச் சீழை வடியவிட்டு, மருந்து கொடுத்து, வீக்கம் வற்றியதும் நாலு நாளில் வரச் சொன்னார். உனக்கும் ஒருவேளை அப்படித்தான் செய்வார்கள். இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் போகாமல் இருந்துவிடாதே. எனக்கு மறுநாள் காலையில் கண் முழுசாகத் திறந்தது. உன் அப்பாவுக்கு உடனே தைரியம் வந்துவிட்டது. "கண்ணுதான் தெறந்துக்கிச்சே, இனி எதுக்குப் போய்ப் பிடுங்கிக்கோணும்? கும்பிட்டுட்டுப் பேசாம இரு" என்றார். நானும் கொஞ்சம் ஆடித்தான் போனேன். திரும்பக் கிடைத்த கண்ணைக் கொண்டுபோய் மறுபடியும் குறட்டுக்கு முன்னால் நீட்டுவதா? அந்த நாலு நாளும் வேலைக்கு நடுவே ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன், மற்றதை மூடிப் பார்ப்பேன். ஆனால் டாக்டர் சொன்ன ஒரு பேச்சு மனசில் தங்கிவிட்டது. "பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வை நரம்பு வேறம்மா. பல்லை எடுக்கறதால கண்ணு போகாது. இந்த வேரை உள்ளேயே விட்டு, திரும்பத் திரும்பச் சீழ் கட்டுனாத்தான் கண்ணுக்கு ஆபத்து." இதை நீ இரண்டு தரம் படி. அஞ்சாம் நாள் நானே முன்னால் போய் வண்டியில் உட்கார்ந்தேன்.

என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் பாதிப் பயம். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஜன்னலோரமாக ஒரு மர நாற்காலி. கம்பவுண்டர் பின்னால் நின்று தலையைப் பிடித்துக்கொள்வார். அடக்கி வைக்கிறாரே என்று கோபம் வரும், விட்டுவிடு. முதலில் மரத்துப்போக ஊசி. கன்னத்துப் பக்கத்து ஈறில் ஒன்று, அது எறும்புக் கடி. அண்ணத்தில் ஒன்று, அது சுருக்கென்று ஏறும், கண்ணில் தண்ணீர் வரும். கால் கட்டைவிரலை நாற்காலிச் சட்டத்தில் அழுத்திக்கொண்டு பத்து எண்ணு; முடிந்துவிடும். அதற்கப்புறம் உதடு தடித்து, வேறு யாருடையதோ போல் இருக்கும். டாக்டர் குச்சியால் குத்தி "வலிக்குதா?" என்று கேட்பார். வலித்தால் வலிக்கிறது என்று சொல், ஆம்பளை என்று வீறாப்பாக உட்காராதே. இன்னொரு ஊசி போடுவார். பிறகு குறடு. இழுக்க மாட்டார்கள் கண்ணு, ஆட்டுவார்கள். பெரிய அழுத்தம் தெரியும், வலி தெரியாது. வலியைவிடச் சத்தம்தான் அதிகம். காதுக்குள்ளே விறகு ஒடிகிற மாதிரி கேட்கும். உன் எலும்பு ஒடிகிறது என்று நினைத்துத் துள்ளாதே. எனக்கு வேர் மூன்றையும் தனித்தனியாக எடுத்தார். ஒவ்வொன்றும் பீங்கான் தட்டில் டங் டங்கென்று விழுந்தது. இவ்வளவுதானா என்று எனக்கு அந்த நாற்காலியிலேயே சிரிப்பு வந்தது. பஞ்சை வைத்து, "நல்லாக் கடிச்சுக்குங்க. அரை மணி நேரம் வாயைத் தெறக்கக் கூடாது, பேசக் கூடாது" என்றார் டாக்டர்.

வெளியே வேப்பமரத்தடியில் உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூன்று விரலை மூக்குக்கு முன்னால் நீட்டி, "இது எத்தனை புள்ள?" என்று கேட்டார். பஞ்சைக் கடித்திருக்கிறேன், எப்படிப் பேசுவேன்? "ஐயோ, தெரியலையா? எத்தனைன்னு சொல்லு புள்ள!" என்று குரல் உடைந்துவிட்டது. நான் அப்போதும் பேசவில்லை. மனுஷன் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு, "நான்தானே நூலுக் கட்டிக் கெடுத்தேன், நான்தானே கெடுத்தேன்" என்று அழ ஆரம்பித்தார். சிகிச்சைக்கு வந்த ஜனமெல்லாம் சுற்றி நின்றுவிட்டது. நான் அவர் கையைப் பிடித்து, அவருடைய மூன்று விரலையும் ஒன்று ஒன்றாக மடக்கிக் காட்டினேன். அப்புறம் அவர் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த ஒரு பொடி நூலை எடுத்து அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன். அவருக்கே அது தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. அழுதுகொண்டே சிரித்தார். உன் அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போன நாள்களில் அதுவும் ஒன்று.

இனி நான் மறைத்ததற்கு வருகிறேன். மறுநாள் நம் வீட்டில் கூட்டம். எனக்குக் கண் தெரிகிறதா என்று பார்க்க வந்த கூட்டம். ஜெயித்துவிட்ட மிதப்பில் நான் தரையில் நிற்கவில்லை. டாக்டர் அனுப்பும்போது படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "எதையும் உறிஞ்சக் கூடாது, ஓங்கித் துப்பக் கூடாது. குழியில ரத்தம் உறைஞ்சு மூடியிருக்கும். அது கழண்டா உள்ளே எலும்பு தெரியும், வலி தாங்க முடியாது." குடிக்கிற பொருளைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவருக்குத் தறி தெரியாது, பாவம். அந்த நேரம் பார்த்து, உன் அப்பாவின் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவில் ஊடைநூல் சுற்றின தார் தீர்ந்தது. வந்தவர்களுக்கு முன்னால், "இங்க குடுங்க" என்று நாடாவை வாங்கி, புதுத் தாரைப் போட்டு, நூல் நுனியை நாடாத் துளைக்குள் வைத்து, நாம் எல்லோரும் நாள் முழுக்கச் செய்கிறபடி வாயை வைத்து ஒரே உறிஞ்சாக உறிஞ்சி வெளியே எடுத்தேன். "கண்ணு தெரியாதவ இப்படி நூலு கோப்பாளா?" என்று கேட்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன். நாக்கில் ஏதோ கொழகொழவென்று வந்து விழுந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நாள் ஆரம்பித்தது நீ பார்த்த வலி. காது, நெற்றிப்பொட்டு, கழுத்து எல்லாம் தெறித்தது. பல் எடுத்ததால் வந்த வலி இல்லை அது; நாடாவை உறிஞ்சினதால் வந்த வலி. எனக்கு அப்போதே தெரியும். ஆனால் உன் அப்பாவின் மிதிபலகைக் கதையைத் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். என் கூத்து வெளியே தெரிந்தால் சிரிப்பது அவர் முறை ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். "ஆஸ்பத்திரிக்காரன் நரம்பைக் கெடுத்துட்டான்" என்று தெரு சொன்னபோதும் சும்மா இருந்தேன். ஒரு நல்ல மனுஷனுக்கு என்னால் கெட்ட பேர் வந்தது. அந்த டாக்டரிடம் மட்டும் மறுநாள் போய் உண்மையைச் சொன்னேன். நாடாவை எப்படிக் கோப்போம் என்று என்னை வாயால் செய்து காட்டச் சொல்லி, தலையில் அடித்துக்கொண்டார். குழியைக் கழுவி, கிராம்பு மணக்கிற மருந்துத் துணியை வைத்தார். அன்று சாயங்காலமே வலி இறங்கிவிட்டது. "இனி தறிக்காரங்க யாரு வந்தாலும் மொதல்ல இதைத்தான் சொல்லுவேன்" என்றார். அப்படியே சொல்லியும் வந்தார். ஆனால் உன்னிடம் நான் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளையைக் கூப்பிட்டு, "இது அம்மாவோட முட்டாள்தனம் சாமி, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. என் வீம்பை உன் தலையில் பயமாக ஏற்றி வைத்துவிட்டேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தாய் மகனிடம் கேட்கலாமா என்று நினைக்காதே. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டால்தான் எனக்கு நிம்மதி.

இப்போது நல்ல பாகத்தைக் கேள். அது புரட்டாசி. தீபாவளிக்கு என்று ஒரு கறுப்புப் பாவு வந்திருந்தது. கறுப்புப் பாவு பிணைப்பதற்கு மத்தியான வெளிச்சத்திலேயே ஆள் பின்வாங்கும். இழைக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தெரியாது. "குருடி பிணைக்கட்டும் பாக்கலாம்" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. உட்கார்ந்துவிட்டேன். காலையில் ஆரம்பித்து, வெளிச்சம் மங்குகிறவரைக்கும் தலை நிமிரவில்லை. கடைசி இழையைச் சேர்த்து முறுக்கிவிட்டு எழுந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. மறுநாள் உன் அப்பா தறியில் உட்கார்ந்து நெய்தார். முதல் முழம், இரண்டாம் முழம், அஞ்சாம் முழம் வரைக்கும் ஆள்கள் நின்று குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஒரு கோடு இல்லை. கறுப்புத் துணி தண்ணீர் மாதிரி வழுவழுவென்று இறங்கியது. பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிப் போனார்கள். எனக்கு வாய் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அதற்கடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரர் வந்து, "அக்கா, எனக்கும் மேல ஒண்ணு சொத்தைங்க. கூட வாரீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். கூட்டிப்போனேன். தை பிறப்பதற்குள் நம் தெருவில் எத்தனை பேரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. ஒருத்தர் கண்ணும் போகவில்லை. ஒவ்வொருத்தரிடமும் நாடாவை உறிஞ்சாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியாக வந்தது யார் தெரியுமா? உன் அப்பா. மேலே இரண்டு பல்லை எடுத்துக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி வேப்பமரத்தடிக்கு வந்தார். நான் மூன்று விரலை நீட்டினேன்.

ஆகவே நீ போகிறாய். போகும்முன் வயிறு நிறையச் சாப்பிடு. எடுத்த பிறகு அன்றைக்கு வாய் கொப்பளிக்காதே. மறுநாளிலிருந்து இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர் வைத்து, துப்பாமல் தலையைச் சாய்த்து வழியவிடு. இரண்டு நாள் ஆறின கஞ்சி, தயிர்சாதம். வெற்றிலை, புகையிலை பக்கம் போகாதே. நாக்கை அடக்கு, குழியைத் துழாவிக்கொண்டே இருக்கத் தோன்றும். முதல் நாள் கொஞ்சம் குடைச்சல் இருக்கும், மூன்றாம் நாள் குறையும். குறையாமல் கூடினால் யோசிக்காமல் டாக்டரிடம் ஓடு. ஒரு வாரத்துக்கு உன் நாடாவை வேறு யாராவது கோத்துக் கொடுக்கட்டும். நீ அதை வாய்கிட்டக் கொண்டுபோனால் என் மேல் ஆணை.

கல்யாணம் முடியட்டும் என்கிறாய். அதுவும் நடக்காது. இன்று காலையில் இளம்பிள்ளைக்குப் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் உன் பல் விஷயம் வந்துவிட்டது. அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ரொம்ப அமைதியாக, "எனக்குப் போன வருசமே மேல ஒண்ணு எடுத்தாச்சுங்க அத்தை. அவரு இன்னும் எடுக்கலீங்களா?" என்று கேட்டது. இந்த வெள்ளிக்கிழமை எடுக்கிறான் சாமி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன் அம்மா